சத்தம் போடாமல் பாடும் பெட்டி

கேள்வி: ஐயா, நான் முள்ளியவளைப் பக்கம். மாமா கோயில்களுக்கும் கலியாண வீடுகளுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுக்கிறவர். உயர்தரத்தில் தொழினுட்பம் படித்துவிட்டு நானும் அவரோடு நிற்கிறேன். மிக்சர் மண்டபத்திலும் அம்ப் கொட்டிலிலும் இருப்பதால் ஜெனரேற்றர் உறுமல் வயரில் ஏறுகிறது. அதைக் கழிக்க ரிஎல்072 ஐசியில் ஒரு வேறுபாட்டு விரியலாக்கி (இரண்டு கம்பிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுக்கிற சுற்று) செய்தேன். நான்கு தடையும் 100 கிலோஓம், நயம் (பெருக்குகிற மடங்கு) 1. மிக்சரிலிருந்து இரட்டை வயர் கொட்டிலில் உள்ள பெட்டிக்கு வரும். பெட்டியிலிருந்து ஒற்றை ஸ்கிறீன் வயர் 25 மீற்றர் ஓடி வீதிக்கரையில் உள்ள இன்னொரு அம்ப்புக்குப் போகும். வீட்டில் மேசையில் வைத்துப் பார்த்தபோது நன்றாக வேலை செய்தது. கோயிலில் பூட்டினால் குரல் கரகரக்கிறது, ஐசி சுடுகிறது, ஒரு சத்தமும் இல்லாத நேரத்தில் இரண்டு ருவீற்றர் (கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) எரிந்துபோயின. என்ஈ5532 மாற்றிப் பார்த்தேன், இன்னும் மோசம். பின்னூட்டல் தடைக்குக் குறுக்கே 1 நனோபரட் கொள்ளளவி வைத்தேன். கரகரப்பு நின்றது, ஆனால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி மங்கிவிட்டது, உறுமலும் திரும்ப வந்துவிட்டது. அம்ப் பிளக்கின் ஏர்த் வயரைக் கழற்றினால் உறுமல் குறைகிறது. கொழும்பில் சொல்லி எந்த ஐசி எடுப்பித்தால் இது சரிவரும்?

தம்பி,

ஐசியைப் பற்றிப் பேச முன்னம் அந்த ஏர்த் வயரைப் பேசவேண்டும். இதை வாசித்து முடிக்க முதலே எழும்பிப் போய் அதைத் திரும்பப் பூட்டிவிட்டு வாருங்கள். கழற்றினால் உறுமல் குறையும் என்பது உண்மைதான். மிக்சருக்கு ஒரு ஏர்த், அம்ப்புக்கு ஒரு ஏர்த், இரண்டையும் இணைக்கும் வயர் ஸ்கிறீன் என்று ஒரு வளையம் உண்டாகி அதில் 50 ஹேர்ட்ஸ் ஓடுகிறது. நீங்கள் வளையத்தை அறுத்தீர்கள், ஆனால் அறுத்தது உயிர்காக்கிற பக்கத்தை. அம்ப்பின் ரான்ஸ்போமரில் காவலி பழுதாகி 230 வோல்ற் பெட்டியில் ஏறினால், மிக்சரின் ஏர்த்தும் ஒழுங்கில்லாத இடத்தில் அது ஸ்கிறீன் வழியே மைக்கின் உலோக உடல்வரை போகும். மைக்கைப் பிடித்திருப்பவர் ஐயராக இருக்கலாம், தேவாரம் பாட வந்த பிள்ளையாக இருக்கலாம். வெறுங்காலோடு, அபிஷேகத் தண்ணீர் ஓடின சீமெந்தில் நிற்பார். ஏர்த்தைத் தொடாமல் உறுமலைக் கழிக்கத்தானே நீங்கள் இந்தப் பெட்டியையே செய்தீர்கள்? பெட்டி சரியாக வேலை செய்தால் ஏர்த்தைக் கழற்றும் தேவையே வராது.

இனி ஐசி. ஒன்றும் எடுப்பிக்க வேண்டாம். ரிஎல்072 இந்த வேலைக்குத் தாராளம். பழுது ஐசிக்குள் இல்லை, அதைச் சுற்றி உண்டாகியிருக்கிற தாமதங்களில் இருக்கிறது.

உங்கள் பெட்டி தானாகவே அலைந்துகொண்டிருக்கிறது. என் கணக்கில் 300 கிலோஹேர்ட்ஸ் அளவில். காதுக்கு 20 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் எட்டாது, அதனால் கோயிலில் நின்ற ஒருவருக்கும் கேட்கவில்லை. ருவீற்றருக்குக் கேட்டது. ஒலிப்பெட்டிக்குள் பெரிய ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் சுருள் இருக்கும், அது உயர்ந்த மீடிறனை, அதாவது செக்கனுக்குக் கன தரம் ஆடுகிற அலையை, மறிக்கும். ருவீற்றருக்குப் போகும் வழியில் கொள்ளளவி, அது வழிவிடும். அம்ப் தன்னால் முடிந்தளவு அந்த அலையைப் பெருக்கி அனுப்ப, மெல்லிய கம்பிச் சுருள் சத்தமில்லாமல் வெந்துவிட்டது. குரல் கரகரத்ததும் இதனால்தான். ஐசியின் பயப்பு (அது வெளியே தருகிற வோல்ற்றளவு) ஏற்கெனவே மேலும் கீழும் ஓடி முடிந்த இடத்தில் குரலுக்கு இடம் ஏது?

இந்த நோய்க்குப் பழைய தொலைபேசிப் பொறியியலாளர் வைத்த பெயர் 'பாடுதல்'. ஹரல்ட் பிளாக் 1927 இல் எதிர்ப் பின்னூட்டலை, அதாவது வெளியே வருவதில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே எதிராகக் கொடுத்துத் திருத்துவதை, யோசித்ததே நீண்டதூரத் தொலைபேசிக் கம்பிகளின் விரியலாக்கிகளைத் திருத்தத்தான். 1928 இல் கேட்ட காப்புரிமை அவருக்கு 1937 இல்தான் கிடைத்தது. பின்னூட்டல் போட்ட விரியலாக்கி எப்போது பாடும், எப்போது பாடாது என்று கணக்கால் சொல்லத் தெரிந்தது 1932 இல், ஹரி நைக்குவிஸ்ற் எழுதிய கட்டுரையில். இன்றைக்கு நான் உங்களுக்குச் செய்யப்போகிற கணக்கும் அடிப்படையில் அதுவேதான்.

கணக்குக்கு முன்னம் ஒரு வாய்க்கால் கதை. இரணைமடுக் குளத்தில் சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்திருக்கிறது என்று வையுங்கள். துருசடியில் (குளத்து மதகடியில்) ஒருவர், வாய்க்காலின் கடைசி வயலில் ஒருவர். கடைசி வயல்காரர் 'தண்ணீர் காணாது' என்கிறார். துருசடிக்காரர் கொஞ்சம் திறக்கிறார். அந்தத் தண்ணீர் போய்ச்சேர மணித்தியாலக் கணக்காகும். அதற்குள் இன்னொருதரம் 'காணாது' என்று போன் வருகிறது, இன்னும் திறக்கிறார். பிறகு எல்லாம் ஒன்றாக வந்து வரம்பு உடைகிறது. 'அடை, அடை' என்று சத்தம். அடைக்கிறார். அடுத்தநாள் கடைசி வயல் திரும்பக் காய்கிறது. இரண்டு பேரும் நேர்மையானவர்கள், இரண்டு பேரும் சரியான பக்கத்துக்கே திருத்துகிறார்கள். தண்ணீர் பிந்துவதால் திருத்தம் தலைகீழாகிறது. இதில் துருசடிக்காரர் சோம்பேறியாக இருந்தால் ஆட்டம் குறைவாக இருக்கும். சுறுசுறுப்பானவராக, ஒவ்வொரு போனுக்கும் ஓடிப்போய்த் திறக்கிறவராக இருந்தால்தான் வரம்பு உடையும். இந்தச் சுறுசுறுப்பை நினைவில் வைத்திருங்கள், என்ஈ5532 பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

உங்கள் சுற்றில் துருசடிக்காரர் ஐசி. பயப்பிலிருந்து பின்னூட்டல் தடை வழியே மைனஸ் காலுக்கு (தலைகீழாக்கும் உள்ளீட்டுக்கு) வருகிற செய்தி அரை அலை, அதாவது 180 பாகை, பிந்தினால் எதிர்ப் பின்னூட்டல் நேர்ப் பின்னூட்டலாகிவிடும். ஐசி தன் பங்குக்கு 90 பாகை பிந்தும், அதை உள்ளே ஒரு சிறிய கொள்ளளவி வைத்து வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். மிச்சம் 90 பாகை உங்கள் கையிருப்பு. வளையத்தை ஒருதரம் சுற்றிவர நயம் 1 ஆகிற மீடிறனில் இந்தக் கையிருப்பில் 60 பாகை மிஞ்சியிருந்தால் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம். 45 என்றால் சமாளிக்கலாம். 20 என்றால் கோயில் மணியைத் தட்டின மாதிரி ஒவ்வொரு தட்டுக்கும் அதிர்ந்து அடங்கும். பூச்சியத்துக்குக் கீழே போனால் பாடத் தொடங்கும்.

இப்போது நீங்கள் எங்கே செலவழித்தீர்கள் என்று பார்ப்போம். ஐசியின் காலிலும் வெறோபோர்ட்டின் செப்புப் பட்டையிலுமாக மைனஸ் காலில் 15 பிக்கோபரட் ஒட்டியிருக்கும் என்று எடுப்போம். அந்தக் காலிலிருந்து பார்த்தால் இரண்டு 100 கிலோஓமும் சமாந்தரம், ஆக 50 கிலோஓம். 50 கிலோஓமும் 15 பிக்கோபரட்டும் சேர்ந்தால் 210 கிலோஹேர்ட்ஸிலிருந்து செய்தி கண்டபடி பிந்தத் தொடங்கும். ரிஎல்072 இன் நயமும் மீடிறனும் பெருக்கி வருவது 3 மெகாஹேர்ட்ஸ். இதை வைத்துப் பார்த்தால் வளையம் 560 கிலோஹேர்ட்ஸ் அளவில் நயம் 1 ஆகிறது. அந்த இடத்தில் தடைகளும் 15 பிக்கோபரட்டும் தின்றது 70 பாகை. கையில் மிச்சம் 20. வீட்டு மேசையில் உங்கள் பெட்டி இந்த 20 பாகையில்தான் உயிர் பிழைத்திருந்தது.

கோயிலில் 25 மீற்றர் ஸ்கிறீன் வயர் பூட்டினீர்கள். சாதாரண ஸ்கிறீன் வயருக்கு மீற்றருக்கு 100 பிக்கோபரட் அளவு வரும், ஆக 2500. ஐசியின் பயப்பு அதை ஒரு 150 ஓம் தடைக்கூடாகத் தள்ளுகிறது என்று வையுங்கள், அது ஐசிக்குள்ளேயே இருக்கிற தடை. இது 420 கிலோஹேர்ட்ஸில் இரண்டாவது தாமதம். முதலாவது 70 ஐத் தின்ற வீட்டில் இது இன்னொரு 45 கேட்கிறது. கையிருப்பு கடனாகிவிட்டது. இரண்டு தாமதமும் சேர்ந்து 90 பாகையை முழுக்கத் தின்னும் இடம் 300 கிலோஹேர்ட்ஸ். பெட்டி பாடுகிற சுருதி அது. தனித்தனியே வந்திருந்தால் இரண்டில் ஒன்றும் பெட்டியைப் பாடவைத்திராது. அதனால்தான் உங்களுக்குக் காரணம் பிடிபடவில்லை.

ஐசி சுட்டதையும் கணக்கில் பிடிக்கலாம். 2500 பிக்கோபரட்டை ஒரு செக்கனுக்கு 3 லட்சம் தரம் 14 வோல்ற் மேலும் கீழும் ஏற்றி இறக்க 10 மில்லிஅம்பியர் வேண்டும். பிளஸ் மைனஸ் 12 என்றால் மொத்தம் 24 வோல்ற், ஆக கால் வாற்று. அந்தச் சின்ன எட்டுக் கால் பூச்சிக்கு அது நல்ல காய்ச்சல்.

'நயம் 1 தானே, இதைவிடப் பாதுகாப்பு என்ன' என்று நினைத்திருப்பீர்கள். கன பேர் நினைப்பதுதான். இதே சுற்றை நயம் 100 க்குச் செய்திருந்தால் வளையம் 30 கிலோஹேர்ட்ஸிலேயே நயம் 1 ஆகியிருக்கும், அங்கே உங்கள் வயரும் தெரியாது, 15 பிக்கோபரட்டும் தெரியாது. நயம் குறையக் குறையப் பின்னூட்டல் கூடுகிறது, பின்னூட்டல் கூடக்கூட வளையம் உயர்ந்த மீடிறன்வரை விழித்திருக்கிறது. நயம் 1 தான் பொல்லாதது.

என்ஈ5532 ஏன் மோசமாக்கியது என்று இப்போது விளங்கியிருக்கும். அதன் நயமும் மீடிறனும் பெருக்கி வருவது 10 மெகாஹேர்ட்ஸ். ரிஎல்072 ஐவிட மூன்று மடங்குக்கு மேல் சுறுசுறுப்பான துருசடிக்காரர், அதே நீள வாய்க்கால். நல்ல ஐசி அது, 10 கிலோஓம் தடைகளோடு வைத்தால் அருமையாக இருக்கும். 100 கிலோஓமோடு அதற்கு ஒத்துவராது, அதன் கால்கள் இழுக்கிற மின்னோட்டமே அங்கே தேவையில்லாத வோல்ற்றளவை உண்டாக்கும். யாராவது 'எல்எம்358 போடு, நின்றுவிடும்' என்று சொன்னால், நிற்கவும் கூடும், அது மந்தமான ஐசி. ஆனால் அதன் பயப்பு பூச்சியத்தைக் கடக்கிற இடத்தில் தடக்கும், சங்கீதத்துக்கு ஆகாது. நாதஸ்வரக்காரர் உங்களைத் தேடி வருவார்.

அடுத்தது அந்த 1 நனோபரட். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், ஏனென்றால் நீங்கள் மருந்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு அளவையும் எண்ணிக்கையையும் பிழைவிட்டிருக்கிறீர்கள். பின்னூட்டல் தடைக்குக் குறுக்கே கொள்ளளவி வைப்பது மைனஸ் காலில் உண்டான தாமதத்தைக் கழிக்கிற வழிதான். ஆனால் 100 கிலோஓமுக்குக் குறுக்கே 1 நனோபரட் வைத்தால் 1.6 கிலோஹேர்ட்ஸிலிருந்தே ஒலி விழத் தொடங்கும். ச, த, க எல்லாம் அதற்கு மேலேதான் வாழுகின்றன. போர்வைக்குள்ளிருந்து வந்த குரல் அதுதான். அதோடு, வயரால் வந்த இரண்டாவது தாமதத்தை அந்தக் கொள்ளளவி தொடவே இல்லை. இப்போது நிற்கிறது, விளிம்பில் நிற்கிறது. வயரை இன்னும் கொஞ்சம் நீட்டினால் திரும்பப் பாடலாம்.

உறுமல் திரும்ப வந்ததற்குக் காரணம் வேறு. வேறுபாட்டு விரியலாக்கி ஒரு தராசு. இரட்டை வயரின் இரண்டு கம்பியிலும் உறுமல் ஒரே அளவாக ஏறும், தராசு இரண்டையும் ஒன்றோடொன்று கழித்துவிடும். தட்டுகள் சமமாக இருக்கவேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை: மைனஸ் பக்கம் இரண்டு தடைக்கும் உள்ள விகிதம், பிளஸ் பக்கம் இரண்டு தடைக்கும் உள்ள விகிதத்துக்குச் சமமாக வேண்டும். 5 சதவீதத் தடை போட்டால், மோசமான சேர்க்கையில், உறுமலில் பத்தில் ஒன்று தப்பி வரும். 1 சதவீதம் என்றால் ஐம்பதில் ஒன்று. நீங்கள் கொள்ளளவியை மைனஸ் பக்கத்துக்கு மட்டும் வைத்தீர்கள். ஒரு தட்டில் கல்லை வைத்துவிட்டு நிறுத்த மாதிரி. 50 ஹேர்ட்ஸில் அறுபத்துநாலில் ஒன்று தப்புகிறது, அது பரவாயில்லை என்று வையுங்கள். 500 ஹேர்ட்ஸில் ஏழில் ஒன்று தப்புகிறது. ஜெனரேற்றரும் அம்ப்பின் டயோட்டுகளும் தருகிற அந்த 'ஸ்ர்ர்' என்ற கூரான உறுமல் 100 ஹேர்ட்ஸின் மடங்குகளில்தான் இருக்கிறது. மீடிறன் ஏற ஏறத் தராசு சரிகிறது. ஆகவே பின்னூட்டல் தடைக்குக் குறுக்கே ஒரு கொள்ளளவி வைத்தால், பிளஸ் காலிலிருந்து கிரவுண்டுக்குப் போகிற தடைக்குக் குறுக்கேயும் அதே அளவில் இன்னொன்று வைத்தே ஆகவேண்டும். இவை இரட்டைப் பிள்ளைகள், ஒன்றைத் தனியே கூட்டிக்கொண்டு போக ஏலாது.

இந்தக் குழியில் நானும் விழுந்திருக்கிறேன். ஒரு நெல் ஆலையில் மோட்டர் இழுக்கிற மின்னோட்டத்தை அளக்க இதே மாதிரி ஒரு சுற்றுச் செய்தேன். அலைவை நிறுத்த ஒரு பக்கம் மட்டும் கொள்ளளவி ஒட்டினேன், அலைவு நின்றது, கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்தநாள் மோட்டர் ஓடத் தொடங்கும் ஒவ்வொரு தரமும் முள் துள்ளுகிறது. மூன்று நாள் மோட்டரைக் குற்றஞ்சொன்னேன். ஆலை முதலாளி பொறுமைசாலி.

இனிச் செய்யவேண்டியது. முதலில் நான்கு 100 கிலோஓமையும் கழற்றிவிட்டு 10 கிலோஓம் போடுங்கள். 1 சதவீத மெற்றல் பிலிம் தடை ஒரே பட்டியில் இருபது வாங்கி, மல்ரிமீற்றரின் 20 கிலோஓம் வீச்சில் ஒவ்வொன்றாக அளந்து, ஒரே எண் காட்டுகிற நான்கைத் தெரிந்தெடுங்கள். மீற்றர் சரியான மீற்றராக இருக்கத் தேவையில்லை. ஒரே மீற்றரில் ஒரே இருப்பில் அளந்தால் நான்கும் ஒன்றுக்கொன்று எவ்வளவு கிட்ட என்பதை அது சரியாகவே சொல்லும், நமக்கு வேண்டியது அவ்வளவுதான். கடைசி இலக்கம்வரை ஒத்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம், அப்போது உறுமலில் ஐந்நூறில் ஒன்றுதான் தப்பும். மைனஸ் காலின் தாமதம் 210 கிலோஹேர்ட்ஸிலிருந்து 2 மெகாஹேர்ட்ஸுக்கு மேலே போய்விடும், வளையம் அவ்வளவு தூரம் எட்டாது. தடைகளின் சொந்தச் சீறலும் மூன்றில் ஒன்றாகும். மிக்சருக்கு 10 கிலோஓம் ஒரு சுமையே இல்லை.

பிறகு அந்த 1 நனோபரட்டைக் கழற்றி, 33 பிக்கோபரட் இரண்டு, பின்னூட்டல் தடைக்குக் குறுக்கே ஒன்று, பிளஸ் பக்கக் கிரவுண்ட் தடைக்குக் குறுக்கே ஒன்று. 22 இலிருந்து 47 வரை எது கிடைத்தாலும் சரி, இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். 10 கிலோஓமோடு 33 பிக்கோபரட் 480 கிலோஹேர்ட்ஸில்தான் கை வைக்கும், குரலைத் தொடாது.

ஐசியின் பயப்புக்கும் வெளியே போகும் வயருக்கும் நடுவில் 100 ஓம் ஒன்று போடுங்கள். பின்னூட்டல் தடையைத் தடைக்கு முன்னால், ஐசியின் காலிலேயே பிடிக்கவேண்டும். வயர்ப் பக்கத்தில் பிடித்தால் ஐசிக்குள் இருக்கிற 150 ஓமோடு இதையும் சேர்த்துத் தாமதத்தைக் கூட்டினதாக முடியும். ஐசிப் பக்கத்தில் பிடித்தால் வயரின் கொள்ளளவம் ஐசியின் காலை நேரே இழுக்க முடியாது. வயர் தன்பாட்டில் அந்த 100 ஓமோடு மல்லுக்கட்டட்டும். 2500 பிக்கோபரட்டோடு அது 640 கிலோஹேர்ட்ஸ், ஒலிக்கு ஒரு நட்டமும் இல்லை. உருவத்தில் சின்னன், ஆனால் இந்தப் பெட்டியில் நான் ஒரு பொருளைத்தான் போடலாம் என்றால் இதைத்தான் போடுவேன்.

ஐசியின் 8 ஆம் காலிலிருந்தும் 4 ஆம் காலிலிருந்தும் கிரவுண்டுக்கு 104 என்று அடித்த செரமிக் கொள்ளளவி ஒவ்வொன்று, காலுக்குக் கிட்ட, ஒரு சென்ரிமீற்றருக்குள். பவர் சப்ளைப் பெட்டியில் ஏற்கெனவே பெரிய கொள்ளளவி இருக்கிறதே என்று விடவேண்டாம். நடுவில் இருக்கிற வயர் இந்த மீடிறனில் ஒரு சுருள். ஐசிக்குள் இரண்டு விரியலாக்கி இருக்கிறது, நீங்கள் ஒன்றைத்தான் பாவிக்கிறீர்கள் என்றால் மற்றதைச் சும்மா தொங்கவிடாதீர்கள். 6 ஐ 7 ஓடு இணைத்து 5 ஐக் கிரவுண்டில் பூட்டுங்கள், பேசாமல் இருக்கும்.

இவ்வளவும் செய்தபிறகும் ஒரு கேள்வி எனக்கு மிச்சமிருக்கிறது. பெட்டியை ஏன் கொட்டிலில் வைத்தீர்கள்? உறுமலைத் தாங்குவது இரட்டை வயர். நீங்கள் அதைக் கொட்டிலோடு முடித்துவிட்டு, ஜெனரேற்றருக்குப் பக்கத்தால் போகிற 25 மீற்றரை ஒற்றை வயரில் விட்டிருக்கிறீர்கள். குடையைக் கொட்டிலில் வைத்துவிட்டு மழைக்குள் நடக்கிற வேலை. இரட்டை வயரையே வீதிக்கரைவரை நீட்டி, பெட்டியை அந்த அம்ப்பின் தலையில் வையுங்கள். பெட்டியிலிருந்து அம்ப்புக்கு அரை மீற்றர் வயர், 50 பிக்கோபரட், இரண்டாவது தாமதம் இல்லாமலே போய்விடும். கொட்டிலில் இருக்கிற அம்ப்புக்கு இன்னொரு பெட்டி செய்யுங்கள். ஒரே இரட்டை வயரில் இரண்டு பெட்டி பூட்டலாம், மிக்சர் தாங்கும். 100 ஓமை அப்போதும் கழற்ற வேண்டாம். இன்றைக்கு அரை மீற்றர், நாளைக்கு வற்றாப்பளைப் பொங்கல் நெரிசலில் மாமா அவசரத்துக்கு நீள வயரைத்தான் எடுத்துப் பூட்டுவார்.

சரிவந்ததா என்று எப்படித் தெரியும்? மல்ரிமீற்றரின் ஏசி வீச்சை நம்பாதீர்கள். மலிவான மீற்றர்கள் சில நூறு ஹேர்ட்ஸுக்கு மேல் குருடு, 300 கிலோஹேர்ட்ஸில் பூச்சியம் காட்டினால் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. வீட்டில் பழைய மீடியம் வேவ் றேடியோ இருக்கிறதா என்று பாருங்கள். பற்றறி வராத தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் சுற்றிச் செய்தி கேட்ட றேடியோக்களில் சில இன்னும் வன்னி வீடுகளில் பரணில் கிடக்கும். அதைப் பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி வைத்து, மிக்சரை நிறுத்திவிட்டு, 531 இலிருந்து 1602 கிலோஹேர்ட்ஸ் வரை முள்ளை மெல்ல ஓட்டுங்கள். பெட்டி 300 இல் பாடினால் 600, 900, 1200 என்று ஒரே இடைவெளியில் 'ஷ்ஷ்' என்று நிலையம் அமுங்கும். மைனஸ் காலுக்குக் கிட்ட விரலைக் கொண்டுபோனால் அந்த இடங்கள் நகரும். பெட்டியை நிறுத்தினால் எல்லாம் மறையும். இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

றேடியோ திருத்தமுடியாமல் செத்துக் கிடக்கிறது என்றால் அதற்குள் ஒரு ஜேர்மேனியம் டயோட் இருக்கும், கண்ணாடிக் குழாய்க்குள் பூனைமயிர் மாதிரி ஒரு மெல்லிய கம்பி தெரியும். அதோடு 1 நனோபரட்டைச் சேர்த்து ஒரு சின்ன ஆய்முனை செய்யலாம். கழற்றி எடுத்த அந்த 1 நனோபரட்டுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. டயோட்டின் ஒரு முனையை ஐசியின் பயப்பில் தொடுங்கள், மற்ற முனையிலிருந்து கிரவுண்டுக்குக் கொள்ளளவி, அதன் குறுக்கே மீற்றரை டிசி வீச்சில் வையுங்கள். மிக்சர் மௌனமாக இருக்கும்போது சில வோல்ற் காட்டினால் பெட்டி பாடுகிறது. அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்துப் பொறியியல் பீடத்தில் படிக்கிற ஊர்ப் பிள்ளை யாரையாவது தெரிந்தால், ஒரு அலைவுகாட்டியில் சதுர அலையைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சதுரத்தின் மூலை காற்பங்கு அளவு மேலே துள்ளினால் உங்களிடம் 45 பாகை இருக்கிறது, பத்தில் ஒன்றுதான் துள்ளுகிறது என்றால் 60.

தராசைப் பார்க்கவும் ஒரு வழி. இரட்டை வயரின் இரண்டு கம்பியையும் ஒன்றாகப் பிணைத்து, அதற்கும் கிரவுண்டுக்கும் நடுவில் கைத்தொலைபேசியிலிருந்து 200 ஹேர்ட்ஸ் தொனியைக் கொடுங்கள். இந்த மீடிறனில் மீற்றரின் ஏசி வீச்சு நம்பத் தகுந்தது. உள்ளே அரை வோல்ற் என்றால் வெளியே 10 மில்லிவோல்ற்றுக்கு மேல் வரக்கூடாது. வந்தால் தடைகளைத் திரும்ப அளவுங்கள், இல்லாவிட்டால் இரட்டையரில் ஒன்றை ஒட்ட மறந்திருப்பீர்கள்.

கடைசியாக, புது ருவீற்றர் பூட்ட முன்னம் இதைச் செய்யுங்கள். பெட்டிக்குப் போகும் பிளஸ் 12 வயரில் ஒரு 100 ஓமைத் தொடராக வைத்து அதன் குறுக்கே டிசி வோல்ற்றளவை அளவுங்கள். அமைதியாக இருக்கிற ரிஎல்072 இன் இரண்டு பாதியும் சேர்ந்து 3 மில்லிஅம்பியர் அளவு இழுக்கும், மீற்றர் 0.3 வோல்ற் பக்கம் காட்டவேண்டும், 0.5 ஐத் தாண்டக்கூடாது. 1 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் ருவீற்றரைப் பூட்டாமல் வைத்திருங்கள், மீற்றர் காட்டின எண்ணையும் வயரின் நீளத்தையும் எனக்கு எழுதுங்கள்.